சேர்த்து வைத்த இருபது

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று என் தோஸ்துகள் இரண்டு பேர் நம்பினார்கள். வினையெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. ராயபுரத்தில், கப்பல் சரக்குகளுக்குக் காகித வேலை பார்த்துக் கொடுக்கும் ஓர் ஏஜென்ட் ஆபீஸில் எனக்குக் குமாஸ்தா உத்தியோகம். நாள் முழுக்க இங்கிலீஷ் பாரங்களை நிரப்புவேன். எந்தக் கட்டத்தில் எந்தச் சொல் வரும் என்று தெரியுமே தவிர, அதற்கு என்ன அர்த்தம் என்று என்னை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். எங்கள் கூட்டத்துக்கு இங்கிலீஷ் என்றால் நான்தான்.

தொண்ணூற்றேழு கடைசியில் ஒரு மத்தியானம், பழைய பேப்பர் கடையில் சிவப்பு அட்டை போட்ட மெல்லிய புத்தகம் ஒன்று கண்ணில் பட்டது. கப்பல்களிலிருந்து கழித்துவிடும் புத்தகங்கள் அந்தக் கடைக்கு மூட்டையாக வரும். அட்டையில் கூரை உயரத்துக்கு ஒரு பல்லி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. எதிரே கத்தியோடு ஒருத்தன். பிரித்துப் பார்த்தால் கதைப் புத்தகமும் இல்லை, பாடப் புத்தகமும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் கட்டங்கள், கட்டங்களுக்குள் எண்கள். கட்டம் என்றால் எனக்குத் தைரியம் வந்துவிடும். வாங்கிவிட்டேன்.

ஒரு வாரம் அகராதியோடு மல்லுக்கட்டினேன். இது உட்கார்ந்த இடத்தில் ஆடும் ஆட்டம் என்று புரிந்தது. ஒருவன் பூமிக்கு அடியில் ஒரு சுரங்கத்தைக் கற்பனை செய்து வைத்திருப்பான். மற்றவர்கள் அதற்குள் போகிற ஆட்களாக மாறுவார்கள். ஒருவன் போர்வீரன், ஒருவன் திருடன், ஒருவன் பூசாரி. கதவைத் திறக்கிறாயா, வெட்டுகிறாயா, ஓடுகிறாயா என்று சுரங்கக்காரன் கேட்பான். அவர்கள் சொன்னது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை தீர்மானிக்கும். புத்தகத்தோடு வந்திருக்க வேண்டிய அந்தப் பகடையைக் காணோம். அதனால் தம்போலா விளையாடும் எண் காய்களில் ஒன்று முதல் இருபது வரை பொறுக்கி ஒரு பவுடர் டப்பாவில் போட்டோம். கையை விட்டு எடுத்தால் எண்.

ஆடியவர்கள் இரண்டு பேர். ஒருவன் தண்டையார்பேட்டையில் லேத் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மூடிக்கிடக்கும் பட்டறையின் சாவி அவனிடம் இருக்கும். மெஷின் வரைபடம் விரித்துப் பார்க்கும் பெரிய மேஜைதான் எங்கள் சுரங்கம். இன்னொருவன் திருவொற்றியூர்க் குப்பத்துக்காரன், காசிமேட்டிலிருந்து லாஞ்சு என்கிற இன்ஜின் படகில் கடலுக்குப் போகிறவன். போனால் எட்டு நாள் பத்து நாள் தங்கிப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அவன் இல்லாத ஞாயிறுகளில் அவனுடைய போர்வீரன் சுரங்கத்தின் வாசலில் லாந்தர் பிடித்து நிற்பான் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தோம். உள்ளே நாங்கள் எத்தனை அடி வாங்கினாலும் வாசலில் நிற்பவனை எதுவும் தொடக்கூடாது. இது புத்தகத்தில் இல்லாத சட்டம். லேத்துக்காரன் சொன்னான், நான் ஒத்துக்கொண்டேன்.

புத்தகத்தில் இருப்பதையெல்லாம் நான் எங்கள் பாஷைக்கு மாற்றினேன். ஒருத்தன் சாவதற்கு முன் எத்தனை அடி தாங்குவான் என்ற எண்ணுக்கு உசுரு என்று பேர். அவன் போட்டிருக்கும் கவசத்தின் எண்ணுக்குச் சட்டை. அந்தச் சிவப்புப் புத்தகத்தில் சட்டை எண் குறையக் குறைய நல்லது. ஒன்பது என்றால் வெறும் உடம்பு, இரண்டு என்றால் இரும்புக் கவசமும் கேடயமும். அதைப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. கூர்க்காது வைத்த காட்டு மனுஷன் ஒருவன் வருவான். அவனைக் காதுக்காரன் என்றோம். காதுக்காரனாகப் பிறந்தால் காதுக்காரன் என்பதே உன் தொழில். வேறு தொழிலுக்குப் போக முடியாது என்று புத்தகம் சொன்னது.

"நம்ம ஏரியா மாரியே கீது" என்றான் லாஞ்சுக்காரன்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். ஒவ்வொரு ஆளுக்கும் அந்தப் புத்தகத்தில் ஐந்து கட்டங்கள் உண்டு. தலைப்பு, சேவிங் த்ரோ. விஷம் அல்லது சாவு, மந்திரக்கோல், கல்லாய்ப் போதல், பல்லியின் மூச்சு, மந்திரம் என்று ஐந்து ஆபத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். போர்வீரனுக்கு விஷம் அல்லது சாவுக் கட்டத்தில் பன்னிரண்டு. த்ரோ என்றால் எறி. சேவிங் என்ற சொல்லை நான் பாஸ்புக் அட்டையில் தினமும் பார்க்கிறேன். தெரியாத சொல்லுக்குத்தான் அகராதி. தெரிந்த சொல்லுக்கு யார் பார்ப்பார்கள்? ஆகவே விளக்கம் சொன்னேன். நல்ல எண் வந்தால் அதை அங்கேயே வீசிவிட வேண்டியதில்லை. கட்டத்தில் போட்ட எண்ணுக்குக் குறையாமல் இருந்தால் அதில் சேர்த்து வைக்கலாம். கட்டத்துக்கு ஒன்று. ஆபத்து வரும் நாளில் எடுத்து விடலாம்.

இருவரும் தலையாட்டினார்கள். வீட்டுக்கு ஒரு சீட்டு கட்டும் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு இதில் சந்தேகம் வர என்ன இருக்கிறது?

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லாஞ்சுக்காரனின் போர்வீரனை மூன்று எலும்புக்கூடுகள் மடக்கிவிட்டன. டப்பாவில் கையை விட்டான். இருபது. அதற்கு மேல் எண் கிடையாது. லேத்துக்காரன் மேஜையைத் தட்டினான்.

"வெட்றா, மூணும் காலி."

லாஞ்சுக்காரன் காயைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். "எலும்புக்கு இன்னாத்துக்கு மாமு இருபது? இத்த அந்த விஷம் சாவு கட்டத்துல போட்டு வைய்யி. நான் ஓடிக்கறேன்."

எழுதி வைத்தேன். ஆட்டத்துக்கென்று நான் வைத்திருந்த நீள நோட்டில் அவன் பக்கத்தில், கட்டம் போட்டு, இருபது. அவன் ஓடியதில் கையிலிருந்த ஈட்டி போயிற்று, உசுரில் பாதி போயிற்று, இருபது மட்டும் இருந்தது. அப்புறம் பாம்பு கடித்தபோதும் எடுக்கவில்லை, விஷப்புகையில் மாட்டியபோதும் எடுக்கவில்லை. வேறு வழி பார்ப்பான், கெஞ்சுவான், ஓடுவான். வாய்க்கரிசியாக வைத்திருக்கிறான் என்று லேத்துக்காரன் கிண்டல் செய்வான். லாஞ்சுக்காரன் சிரிப்பான். கடலுக்குப் போவதற்கு முன் வரும் ஞாயிறுகளில் மட்டும், எழுந்து போகும்போது ஒரு தடவை கேட்பான்: "நம்மது கீதுல்ல?" கீது என்பேன்.

எனக்குப் பயம் பிறவிக் குணம். கேஸ் அடுப்பை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவன் நான். ஆட்டம் சூடு பிடிக்கப் பிடிக்க அந்தப் பயமும் ஏறியது. நான் சொல்லும் சட்டத்தை இரண்டு பேர் அப்படியே நம்புகிறார்கள். எது தப்பு என்று தெரியாது, எங்கோ தப்பு இருக்கிறது என்று மட்டும் தெரியும். தொண்ணூற்றொன்பதில் நடைபாதைக் கடையில் அதே ஆட்டத்தின் அடுத்த எடிஷன் கிடைத்தது, தடிமனாக, ஏகப்பட்ட பட்டியல்களோடு. வாங்கி வந்து இரண்டு நாள் பிரிக்காமல் பீரோ மேல் வைத்திருந்தேன். பிரித்தவுடன் முதலில் அந்த ஐந்து கட்டங்களைத்தான் தேடினேன். ஐந்தும் இருந்தன, தலைப்பு மாறவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த எடிஷனில் சட்டை எண் பூஜ்யத்துக்கும் கீழே போகும். கழித்தலைக் கழித்தால் கூட்டலா என்று ஆளுக்கு ஒரு விடை சொல்லிச் சண்டை போட்டோம். அந்தச் சண்டை எனக்கு வசதியாக இருந்தது. யாரும் வேறு எதையும் கேட்கவில்லை.

பிறகு லேத்துக்காரனின் தங்கை வந்து சேர்ந்தாள். பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நிஜமாகவே இங்கிலீஷ் தெரிந்தவள். ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளை நான் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஆனால் அன்றிலிருந்து புத்தகங்களைப் பட்டறைக்குக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன். கனமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்.

இரண்டாயிரத்து ஒன்றில், மழைக்காலத்தில், அவள் ஒரு கட்டு காகிதத்தோடு வந்தாள். ஆட்டத்தின் மூன்றாம் எடிஷன் வந்துவிட்டதாம். அதன் அடிப்படைச் சட்டங்களை இன்டர்நெட்டில் இலவசமாகவே போட்டிருக்கிறார்களாம். பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்திருந்தாள்.

"எல்லாத்தையும் மாத்திட்டாங்க அண்ணா. சட்டை நம்பர் இனிமே ஏறினாதான் நல்லது. காதுக்காரிகூடப் பூசாரி ஆகலாம். யாரு வேணா எந்தத் தொழிலும் பண்ணலாம்."

லாஞ்சுக்காரன் அன்றைக்கு இருந்தான். அவனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். "இந்த எடிஷன நம்ம வூட்டுப் பெருசுங்களுக்கும் ஒண்ணு பிரின்ட் எட்து குடு" என்றான். அவள் சிரித்தாள். நான் அந்தக் கட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். நான் வீட்டில் படித்துவிட்டு அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்றேன். அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். சரி அண்ணா என்றாள். வெள்ளிக்கிழமை லாஞ்சு கிளம்புகிறது என்று சொல்லிவிட்டு லாஞ்சுக்காரன் எழுந்தான். வாசலில் நின்று கேட்டான், நம்மது கீதுல்ல என்று. கீது என்றேன்.

அந்த வாரம் படித்தேன். ஐந்து கட்டங்கள் மூன்றாகச் சுருங்கியிருந்தன. உடம்பு உறுதி, சுறுசுறுப்பு, மனசு. அதற்குக் கீழே, முந்தைய புத்தகங்களில் சுற்றி வளைத்துச் சொன்னதை இதில் இரண்டே வரியில் சொல்லியிருந்தார்கள். ஆபத்து வரும்போது தப்பிப்பதற்காக எறிவதுதான் சேவிங் த்ரோ. அன்றைக்குத்தான், நான்கு வருஷம் கழித்து, சேவ் என்ற சொல்லுக்கு அகராதியைப் பிரித்தேன். சேமி என்பது இரண்டாவதாக இருந்தது. முதலில் இருந்தது காப்பாற்று.

சேர்த்து வைப்பது என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சிவப்புப் புத்தகத்தில் இல்லை, தடிப் புத்தகத்தில் இல்லை. அவள் இந்தப் பக்கத்தைப் படித்திருப்பாளா? படித்திருந்தால் ஏன் பேசவில்லை? ஞாயிற்றுக்கிழமை வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். தப்பாகப் படித்துவிட்டேன் என்று ஒரு வரி. சிரித்திருப்பார்கள், ஒரு மாதம் ஓட்டியிருப்பார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் என்னிடம் இருந்தது இங்கிலீஷ் ஒன்றுதான். ஒருவனுக்கு லேத் இருந்தது, ஒருவனுக்குக் கடல் இருந்தது. ஆகவே ஞாயிறு மத்தியானம் பட்டறையில், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொன்னேன். "புது எடிஷன்ல சேர்த்து வைக்கிறதை எடுத்துட்டாங்க. பழசெல்லாம் செல்லாது." எடிஷன் தலையில் பழியைப் போட்டுவிட்டேன். நோட்டைத் திறந்து, ஆபீஸ் சிவப்புப் பேனாவால், எல்லார் பக்கத்திலும் சேர்த்து வைத்திருந்த எண்களை அடித்தேன். லேத்துக்காரனின் பதினான்கு, பதினாறு. அவளுடைய பதினைந்து. கடைசியாக லாஞ்சுக்காரனின் இருபது. பட்டறைக் கடிகாரத்தில் மணி மூன்று.

"அவரு இருபதையுமா?" என்றாள் அவள். "அவரு வரட்டுமே அண்ணா. வந்தப்புறம் அடிக்கலாம்ல."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன். அவ்வளவு மிடுக்காக நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை.

லாஞ்சு அடுத்த சனிக்கிழமை திரும்பியிருக்க வேண்டும். வரவில்லை. அந்த வாரத்தின் நடுவிலேயே கடலில் காற்றழுத்தம் என்று ரேடியோ சொல்ல ஆரம்பித்திருந்தது. எங்கள் ஆபீஸ் மாடியிலிருந்து பார்த்தால் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றும் கம்பம் தெரியும். முதலில் ஒன்றாம் எண் ஏற்றினார்கள். இரண்டு நாளில் மூன்று. பழைய எடிஷனில் எண் குறைந்தால் நல்லது, புது எடிஷனில் ஏறினால் நல்லது. புயல் கூண்டு மட்டும் எந்த எடிஷனிலும் ஏறினால் கெட்டது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். மேனேஜர் வயிறு சரியில்லையா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டுக்குப் போனேன். மற்ற லாஞ்சுகள் எல்லாம் வந்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஐஸ் லாரி ஓரத்தில் ஏழெட்டுப் பெண்கள். அதில் சின்னவள் அவன் மனைவி. கல்யாணத்தில் ஒரு தடவை பார்த்ததோடு சரி. என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தாள்.

"நீங்கதான அந்த நோட்டு வெச்சிக்கிற அண்ணா?"

ஆமாம் என்றேன்.

"அவுரு சொல்லிகீறாரு. உங்ககிட்ட ஏதோ இருபது ஒண்ணு சேத்து வெச்சிகீறாராம். கடல்ல எதுனா ஒண்ணுன்னா அது பாத்துக்கும்னு சிரிச்சிகினே சொல்வாரு. எனுக்கு அது இன்னான்னு தெரியாது." முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "அது பத்திரமா கீதாண்ணா?"

சுற்றிலும் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பத்திரமா கீதும்மா."

அங்கே நிற்க முடியவில்லை. தண்டையார்பேட்டை வரை நடந்தே போனேன். நான் பகுத்தறிவுக்காரன், ராகு காலம் பார்க்காதவன், பூனை குறுக்கே போனால் அதற்கும் ஏதோ வேலை இருக்கிறது என்று சொல்கிறவன். ஒரு நோட்டில் அடித்த கோட்டுக்கும் கடலில் போன லாஞ்சுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? ஒவ்வொரு விளக்குக் கம்பத்துக்கும் அதையே எனக்கு நான் சொல்லிக்கொண்டு போனேன், ஒரு கம்பத்திலும் நம்பவில்லை.

அன்றைக்குப் பட்டறையில் யாரும் ஆடவில்லை. லேத்துக்காரன் ஏற்கனவே துடைத்த மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் தங்கை, போர்வீரன் வாசலில் லாந்தரோடு நிற்பதாகத்தானே கணக்கு, வாசலில் நிற்பவனை எதுவும் தொடக்கூடாது என்றுதானே சட்டம் என்று மெதுவாகச் சொன்னாள்.

திங்கட்கிழமை மத்தியானம் ஆபீஸில் எல்லாரும் சாப்பிடப் போனபின், பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தேன். சேர்த்து வைத்தது செல்லாது என்றால், புத்தகத்தின் நிஜமான சட்டப்படி, ஆபத்து நேரத்தில் எறிய வேண்டும். போர்வீரனுக்கு விஷம் அல்லது சாவு, பன்னிரண்டு. அவனால் எறிய முடியாத இடத்தில் இருக்கிறான், அவனுக்காக நான் எறிகிறேன். கையை விட்டு எடுத்தேன். ஒன்பது. சரியாகக் குலுக்கவில்லை என்று மறுபடி குலுக்கினேன். நாலு. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன், பதினொன்று. ஒன்று குறைவு. டப்பாவை மூடி மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். சாப்பாட்டுக் கூடையைத் திறக்காமலே திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

வியாழக்கிழமை, கிளம்பிய பதினான்காம் நாள், குப்பத்து எஸ்.டி.டி. பூத்துக்கு போன் வந்தது. ஆந்திரா பக்கம் ஒரு சின்னத் துறைமுகத்தில் இருக்கிறார்கள். வேறொரு லாஞ்சு கயிறு கட்டி இழுத்துவந்து விட்டிருக்கிறது. ஆறு பேரும் உயிரோடு. லேத்துக்காரன் என் ஆபீஸுக்கே ஓடிவந்து சொன்னான். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாரத்தை முழுசாக நிரப்பி முடித்தேன். அப்புறம்தான் அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் பட்டறைக்கு வந்தான். கன்னம் ஒட்டி, கழுத்து வரை கருத்திருந்தான். லேத்துக்காரனின் தங்கை டீ வாங்கிவரச் சொல்லி, அவனுக்கு மட்டும் இரண்டு டம்ளர் வைத்தாள். கேட்காமலே சொல்ல ஆரம்பித்தான்.

"இன்ஜின் நின்னு பூட்ச்சி மாமு. நின்னதோட வுட்டுதா? பின்னால காத்தாடி சுத்துற ஷாஃப்ட் வழியா தண்ணி உள்ள வந்துகினே கீது. ஆறு பேரும் மோந்து மோந்து ஊத்துறோம். துணி, பழைய வலை, கைக்கு ஆப்ட்டத எல்லாம் சொருவுறோம். டிரைவரு அழுவுறான். எனுக்குக் கையே தூக்க முடில. அப்பதான் நெனப்பு வந்துச்சு, நம்மாண்ட ஒரு இருபது கீதேன்னு." டீயை ஒரு மடக்குக் குடித்தான். "அத்த எட்து வுட்டேன். வாய்வுட்டே சொன்னேன், இந்தா இருபதுன்னு. பைத்தியம்னு பாத்தானுங்க. கொஞ்ச நேரத்துல தண்ணி கொறஞ்சிது. துணி கெட்டியா புட்ச்சிகிச்சி. அப்பால காத்து வந்துச்சி, அலை வந்துச்சி, ஒண்ணும் பண்ல."

மேஜை மேல் இருந்த நோட்டைத் தட்டினான்.

"அதான் சொல்ல வந்தேன். அத்த அடிச்சிரு. யூஸ் பண்ட்டேன்."

நான் நோட்டைத் திறக்கவில்லை. அவனே திறந்தான். அவன் பக்கத்தைப் புரட்டினான். இருபதின் மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில், பாரம் நிரப்புகிறவனின் பழக்கதோஷத்தில், தேதியும் நேரமும் போட்டு என் கையெழுத்து.

தேதியைப் பார்த்தான். விரல் விட்டு எண்ணினான். "ஞாயித்துக்கெழம. நாங்க போன மூணாம் நாளு. அன்னிக்குத்தான் மாமு இன்ஜின் நின்னுச்சி. மத்தியானம்." நிமிர்ந்து என்னைப் பார்த்த முகத்தை நான் மறக்கவில்லை. "நான் அங்க எட்து வுட்றேன், நீ இங்க அடிச்சிகிற."

லேத்துக்காரன் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தங்கை டம்ளர்களை அடுக்க ஆரம்பித்தாள். இருவருக்கும் தெரியும், நான் ஏன் அடித்தேன், எப்படி அடித்தேன் என்று.

மூன்று மணிக்கு நான் கோடு போட்டேன். இன்ஜின் நின்றது மூன்றுக்கு முன்பா, பிறகா? முன்பு என்றால் அவன் சொல்வதுபோல் இருக்கட்டும். பிறகு என்றால்? கேட்டிருந்தால் அவன் யோசித்துச் சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருஷத்தில் மூன்றரையாம் எடிஷன் என்று ஒன்று வந்தது. எடிஷனிலும் அரை டிக்கெட் உண்டு என்று சிரித்துக்கொண்டோம். இந்தத் தடவை காகிதங்களை நான் மடியில் வைத்துக்கொள்ளவில்லை. அவள்தான் படித்தாள், நான் கேட்டுக்கொண்டேன். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாது என்று ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொல்லியும்விட்டேன். தெரியும் என்றார்கள், அண்ணனும் தங்கையும் ஒரே குரலில்.

இரண்டாயிரத்தெட்டில் நாலாம் எடிஷன். வெளிநாடு போய்வந்த அவளுடைய ஆபீஸ்காரர் ஒருவர் மூலம் நிஜமான, கெட்டி அட்டைப் புத்தகமே வந்தது. அவள் அதை எர்ணாவூரில் புகுந்த வீட்டிலிருந்து துணிப்பையில் சுற்றி எடுத்துவந்தாள். எல்லாம் மறுபடி தலைகீழ். ஒரு ராத்திரி படுத்துத் தூங்கி எழுந்தால் உசுரு முழுசாகத் திரும்பிவிடும். "இந்த எடிஷன் நம்ம ஒடம்புக்கும் வந்தா ஷோக்கா இருக்கும்" என்றான் லாஞ்சுக்காரன். சிவப்புப் புத்தகத்துக் காலத்தில் ஒரு நாள் படுத்தால் ஒன்றோ இரண்டோதான் ஏறும்.

"சேவிங் த்ரோவையும் மாத்திட்டாங்க" என்றாள். "கட்டமே கெடையாது. போர்வீரன், திருடன், யாரா இருந்தாலும் ஒண்ணுதான். பத்து இல்ல பத்துக்கு மேல வந்தா தப்பிச்சாங்க."

லாஞ்சுக்காரன் தலையாட்டினான். அவனுக்கு இப்போது இரண்டு பெண் குழந்தைகள். இன்னும் அதே தொழில்தான். வெள்ளிக்கிழமை கிளம்புகிறான்.

"இதுல சேத்து வெக்கலாமா?" என்றான்.

லேத்துக்காரன் தங்கையைப் பார்த்தான். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இப்போது எனக்கு நன்றாகத் தெரியும், அதைவிட நன்றாக அவளுக்குத் தெரியும். அவள் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். வரியில் விரலை வைத்து, படிக்கிறவள் போலவே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ஒரு ஆளுக்கு ஒண்ணு சேர்த்து வெச்சுக்கலாம். எத்தனை எடிஷன் மாறினாலும் செல்லும்னு போட்டிருக்கு."

அவன் டப்பாவில் கையை விட்டான். பதினொன்று. காயை எனக்குக் காட்டினான்.

"போதும்ல?"

"போதும்" என்றேன். நோட்டை எடுத்து, அவன் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, பதினொன்று என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை அவன் லாஞ்சு போயிற்று. திரும்பி வரும்வரை நான் அந்த நோட்டைத் திறக்கவில்லை.